உங்கள் நாய் என்ன வேலை பார்க்கிறது?

எதிர்வீட்டுக்கு ஒரு நாய் வந்திருக்கிறது. நாய் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நாயோடு ஒரு பயிற்சியாளரும் வந்திருக்கிறார். வருத்தம் அங்கேதான் ஆரம்பம். ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்குகிறார். முழங்காலுக்குக் கீழேயும் பாக்கெட் வைத்த கால்சட்டை, இடுப்பில் பிஸ்கட் பை, கழுத்தில் விசில். போன ஞாயிறு, திண்ணையில் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்த என்னையும் திண்ணைக்கடியில் கிடந்த மணியையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டுக் கேட்டார்.

"அங்கிள், இது வொர்க்கிங் டாகா, இல்ல சும்மாவா?"

சும்மாவாம். சும்மா இருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய வேலை என்று அருணகிரிநாதருக்கு முருகனே உபதேசித்ததாகச் சொல்வார்கள். அந்த முருகனின் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? மணி தலையைத் தூக்கவில்லை. ஒரு காதை மட்டும் அரை அங்குலம் திருப்பி, கேள்வியின் தரத்தைப் பார்த்துவிட்டு, பழையபடி மடக்கிக்கொண்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நல்ல பதில்கள் எல்லாம் ராத்திரி பத்து மணிக்குமேல், விளக்கை அணைத்த பிறகுதான் வரும். அன்றும் வந்தது. இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிறந்த வேலைநாய்க்கு ஐந்து குணங்கள் வேண்டும். ஐந்தையும் வரிசையாகச் சொல்லப்போகிறேன். சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. பிறந்ததிலிருந்து நாய்களோடு இருப்பவன். எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாள் இருந்திருக்கிறது, ஆள் இல்லாத நாள் இருந்திருக்கிறது. நாய் இல்லாத நாள் கிடையாது.

முதல் குணத்துக்குப் போகுமுன் ஒரு சின்ன விஷயம். ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன்.

நாயோடு மட்டும் நாம் ஏன் இங்கிலீஷில் பேசுகிறோம்?

"சிட்." "கம்." "நோ நோ நோ." "ஷேக் ஹேண்ட்." நீங்களும்தான், அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். பெண்டாட்டியோடு தமிழ், மாமியாரோடு தெலுங்கு, சாமிக்கு சமஸ்கிருத அர்ச்சனை, நாய்க்கு இங்கிலீஷ். பாங்கியில் மேனேஜர் ஒரு வார்த்தை இங்கிலீஷில் கேட்டால் பேனாவைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொள்கிற மனிதர், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் "டோன்ட் ஜம்ப், டோன்ட் ஜம்ப்" என்கிறார். பேரன் இங்கிலீஷ் கற்க வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறார். நாய்க்கு அதே பாடம் இலவசமாக நடக்கிறது. தேர்வு வைத்தால் யார் தேறுவார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பேரன் என் மடியில் வளர்ந்தவன்.

எந்த ஊரில் இது நடக்கிறது என்பதையும் பாருங்கள். தமிழா, தெலுங்கா என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்த ஊர் திருத்தணி. ம.பொ.சி. வந்து கூட்டம் போட்டார், மறியல் நடந்தது, ஜெயிலுக்குப் போனார்கள், மத்தியஸ்தராக வந்த படாஸ்கர் உட்கார்ந்து எல்லைக் கோடு போட்டார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இவ்வளவு ரத்தமும் வியர்வையும் கொட்டி மனிதர்களின் மொழி தீர்மானமான இடத்தில், நாய்களை மட்டும் யாரையும் கேட்காமல் இங்கிலாந்தோடு சேர்த்துவிட்டோம்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஆக்ஸ்போர்டுக்குப் போய் வெள்ளைக்காரனுக்கே இங்கிலீஷில் இந்தியத் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். அவர் ஊரில் விட்டுப்போன மிச்ச இங்கிலீஷ் நாய்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். மனிதர்களுக்கு வந்து சேரவில்லை. எங்கள் தெருவுக்கு நிச்சயமாக வரவில்லை.

பேரைப் பாருங்கள். டாமி, ஜிம்மி, ராக்கி, பிரவுனி. ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் பேரை வைத்து, "சீசர், வா, பழைய சோறு" என்று கூப்பிடுகிறோம். பெட்டை நாயைத் தடவிக்கொண்டே "குட் பாய், குட் பாய்" என்கிறோம். அது நாலு ஈடு குட்டி போட்ட பிறகும் குட் பாய்தான். பட்டப்படிப்பு படித்த என் மருமகன்கூட மணியைக் கண்டால் "ஹலோ மணி, ஹவ் ஆர் யூ" என்கிறார். இத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கேட்டதில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உத்தரவு இங்கிலீஷ், கொஞ்சல் இங்கிலீஷ். வசவு மட்டும் சுத்தத் தமிழ். புதுப் பாயைக் கடித்துக் குதறி வைத்திருக்கும் நாயைப் பார்த்து யாருக்காவது "பேட் டாக்" என்று வந்திருக்கிறதா? "சனியனே" என்றுதான் வருகிறது. "சிட்" என்பதை ஒரு மாதம் கற்றுக்கொள்கிற நாய், "சனியனே" என்பதை ஒரே தடவையில் கற்றுக்கொள்கிறது. தாய்மொழி வழிக் கல்வியின் மேன்மைக்கு இதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

எதிர்வீட்டார் இங்கிலீஷோடு நிற்கவில்லை. அவருடையது பெல்ஜியன் மாலினாய். பெல்ஜியத்தில் மாலின் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பேர். ஒசாமா பின்லேடனைப் பிடிக்க 2011இல் அமெரிக்கச் சிப்பாய்கள் பாகிஸ்தானுக்கு ஹெலிகாப்டரில் போனார்களே, அவர்களோடு போன 'கெய்ரோ' என்ற நாய் இந்த இனம். நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலும் இருக்கிறது. காடு மேடு எல்லாம் மோப்பம் பிடித்துக் கண்ணிவெடி கண்டுபிடிக்கும். எங்கள் தெருவில் கண்ணிவெடி இல்லை. குப்பை வண்டிதான் வரும்.

இந்த நாய் பிறந்தது பெங்களூரு. பூர்வீகம் பெல்ஜியம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பயிற்சி மொழி என்ன தெரியுமா? ஜெர்மன்.

"ஜெர்மன் எதுக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"ஸ்ட்ரேஞ்சர்ஸ் வந்து கமாண்ட் குடுக்கக் கூடாது இல்ல அங்கிள். அதுக்குத்தான்."

திருடன் வந்து "உட்கார்" என்றால் நாய் உட்கார்ந்துவிடக் கூடாது. நியாயம். ஆனால் திருடன் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. தூக்கத்தில் வேட்டியைச் சுற்றிக்கொண்டு எழுந்து வருகிற வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் ஜெர்மன் வர வேண்டுமே? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். காந்த வாழைப்பழம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'சிட்ஸ் - உட்கார். பிளாட்ஸ் - படு. ஃபுஸ் - கூடவே நட. அவுஸ் - விடு.' பேத்தியின் கையெழுத்து, அழகான கையெழுத்து. ஆக, திருடன் வருவான், நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்வும், திருடன் "அய்யோ விடச் சொல்லுங்க" என்பான், வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடி, விளக்கைப் போட்டு, வாழைப்பழத்துக்குக் கீழே நாலாவது வரியைப் படித்துவிட்டுத் திரும்பி வருவார். அதுவரை திருடன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிறு பயிற்சியாளர் தெரு நடுவில் நின்று, தொண்டை நரம்பு தெரிய, "பிளாட்ஸ்!" என்று கத்தினார். தெருமுனை டீக்கடையில் நின்ற மனை புரோக்கர் இரண்டு பேர் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அருகிலேயே வந்துவிட்டார். நாய் மட்டும் திரும்பவில்லை. அது சைக்கிளின் பின்சக்கரத்தை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அந்த வீட்டுப் பாட்டி, "இக்கட ரா நைனா" என்றார். சுருண்டு வாலாட்டிக்கொண்டு ஓடியது. பாட்டிக்கு விசில் இல்லை, பிஸ்கட் பை இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு என்று கட்டணமும் இல்லை.

எங்கள் அப்பா காலத்தில் நாய்க்கு மொத்தம் மூன்று சத்தம். "தோ தோ" என்றால் வா, சோறு இருக்கிறது. "சூ" என்றால் போய்ப் பிடி. "ச்சீ" என்றால் அப்பால் போ. எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டத் தேவையில்லை; ஃபிரிட்ஜும் இல்லை. சூ காட்டினால் நாய் பாயும் என்பதால், சூ காட்டுகிறவன் யோசித்துக் காட்டுவான். இப்போது நாளெல்லாம் "கம், கோ, சிட், ஸ்டாண்ட்" என்று நாயைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறோம். இருபத்துநாலு மணி நேரமும் ரேடியோ பாடும் வீட்டில் பாட்டை யார் கேட்கிறார்கள்?

அமெரிக்காவில் சேசர் என்று ஒரு பார்டர் கோலி இருந்தது. ஜான் பில்லி என்ற மனோதத்துவப் பேராசிரியர் அதற்கு 1,022 பொம்மைகளின் பேர்களைக் கற்றுக்கொடுத்தார். 2011இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. பந்து, முயல், தவளை என்று எதைச் சொன்னாலும் குவியலிலிருந்து அதையே எடுத்துவரும். பெரிய காரியம்தான். மறுக்கவில்லை. எங்களிடம் இருந்த கருப்பனுக்கு ஒரு பொருளின் பேரும் தெரியாது. ஆனால் எந்த வரப்பு வரைக்கும் எங்கள் கொல்லை, அதற்கப்பால் யாருடையது என்று அங்குலம் பிசகாமல் தெரியும். அது சர்வேயர்களுக்கே இன்னும் தகராறில் இருக்கிற விஷயம்.

சரி, முதல் குணம். வாயை மூடத் தெரிய வேண்டும்.

நாய் என்றால் குரைப்பது. குரைக்கிற நாய்தான் காவல் என்று நம்புகிறோம். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், ஆடம் டெல்ஃபர் என்ற விவசாயியிடம் 1893இல் ஹெம்ப் என்று ஒரு நாய் பிறந்தது. 'ஓல்டு ஹெம்ப்' என்று இன்றும் சொல்கிறார்கள். குரைத்து, கடித்து, ஓடவிட்டு ஆடு மடக்குவதுதான் அந்தக் கால வழக்கம். ஹெம்ப் குரைக்காது. தலையைத் தாழ்த்தி ஆட்டைப் பார்க்கும். அவ்வளவுதான். ஆடு தானாகப் போய்ப் பட்டியில் நிற்கும். அந்த நாய் 1901இல் செத்துப்போனது. இன்று உலகம் முழுக்க இருக்கிற பார்டர் கோலிகள் அதன் வம்சம். பார்வையாலேயே வேலை வாங்கும் அந்த ஞானம் எனக்குத் தெரிந்து ஹெம்புக்கும், எங்கள் ஊரில் பழைய தலைமையாசிரியர் ஒருவருக்கும்தான் இருந்தது.

கருப்பனை அந்த வரிசையில் சேர்ப்பேன். பொன்பாடி சோதனைச் சாவடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொல்லை இருந்தது. வேர்க்கடலை. கடலை மண்ணுக்குள் பால் கட்டும் சமயத்தில் ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் வந்துபோனால் காலையில் ஏர் ஓட்டின நிலமாகக் கிடக்கும், கடலை மட்டும் இருக்காது. அதனால் பரண் கட்டிக் காவல். மாசிப் பனியில் போர்வைக்குள் சுருண்டு, ஒரு காலை மட்டும் பரணுக்கு வெளியே தொங்கப்போட்டிருப்பேன். அது தூங்குகிற வசதிக்காக அல்ல, கருப்பனுக்காக. பன்றி கிழக்கு வரப்பைத் தொடும்போதே அதற்குத் தெரிந்துவிடும். குரைக்காது. எழுந்து நிற்கும், பிடரியிலிருந்து வால் வரைக்கும் மயிர் ஒரு கோடாகச் சிலிர்க்கும். பிறகு வந்து என் உள்ளங்காலில் மூக்கை வைக்கும். ஈரமாக, ஜில்லென்று. ஒரே ஒரு தடவை. நான் எழுந்து தகரத்தையும் டார்ச்சையும் கையில் எடுக்கும்வரை தொண்டையில் ஒரு சத்தம் இருக்காது. டார்ச்சைப் போட்டதும்தான் குரைப்பு, அதுவும் வலப்பக்கமாகச் சுற்றிப்போய், பன்றி வந்த வழியே திரும்பி ஓடும்படி. முன்கூட்டியே குரைத்திருந்தால் பன்றி அடுத்த கொல்லையில் போய் நின்று, நாங்கள் தூங்கியதும் மேற்குப் பக்கம் இறங்கியிருக்கும். இதை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை. எனக்கே அதைப் பார்த்துத்தான் தெரியும்.

எதிர்வீட்டு மாலினாய் ஆடிக் கிருத்திகைக்குக் குரைத்தது. காவடி வருகிற ஊர் இது. பம்பை, உடுக்கை, பால்குடம், "அரோகரா" என்று மாவட்டம் மாவட்டமாக ஜனங்கள் மலையேறுகிறார்கள். ஊர் நாய்கள் ஓரமாக ஒதுங்கிப் படுத்து, யார் கையில் பொட்டலம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். இது ஒவ்வொரு காவடியையும் தனித்தனியாக எதிர்த்தது. பரணி அன்று ஆரம்பித்து, கிருத்திகை அன்று தொண்டை கட்டி, தெப்பத்தன்று வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார்.

குரங்கு விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மலைக்குரங்குகள் எங்கள் தெருச் சுவர்மேல் வந்து உட்காரும். நாய்க்கு எட்டாத உயரம் எது என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும்; அதற்கு மேலே நாலு விரற்கடை விட்டு உட்காரும். மாலினாய் எகிறி எகிறிக் குதித்துக்கொண்டிருந்தபோது ஒரு குட்டிக் குரங்கு தலைகீழாகத் தொங்கி, அதன் காதைப் பிடித்துச் சுண்டிவிட்டது. பாகிஸ்தானுக்குப் போய் வந்த பரம்பரை. பயிற்சியாளர் விசிலை ஊதினார். பெரிய குரங்கு இறங்கி வந்து பிஸ்கட் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மணி இதையெல்லாம் திண்ணைக்கடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. முடியாத வேலையில் இறங்காமல் இருப்பது முதல் குணத்தின் உட்பிரிவு.

இரண்டாவது குணம்: ஆளுக்கும் நாய்க்கும் பொருத்தம். அதாவது இனம் முக்கியமில்லை என்று சொல்ல வருகிறேன். உடனே "அப்படியானால் ராஜபாளையம்?" என்பீர்கள். நம் ஆட்களுக்கு நாய் என்றாலும் முதலில் வம்சம் தெரிய வேண்டும். அப்பா யார், தாத்தா யார், சான்றிதழ் உண்டா, ஜோடி சேர்க்க வெளியில் கொடுப்பீர்களா. தரகருக்குக் கமிஷன் வேறு.

ராஜபாளையம் நல்ல நாய். 2005 ஜனவரி 9 அன்று தபால் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பிடித்தது அதுதான். ஆனால் பால்வெள்ளையாக இருந்தால்தான் விலை என்று வெள்ளையையும் வெள்ளையையும் சேர்த்துச் சேர்த்து, காது கேட்காத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. காவலுக்கு வாங்குகிற நாய்க்குக் காது கேட்காது. நிறம் மட்டும் பளிச்சென்று இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. முயலுக்கு நல்ல சட்டம், வேண்டிய சட்டம். நாய்க்கு மாற்று வேலை கொடுக்கும் பிரிவு மட்டும் அதில் இல்லை. இன்று அந்த நாய்கள் அடுக்குமாடி பால்கனியில் நின்று, கீழே போகும் ஸ்கூட்டர்களை முயலாகக் கற்பனை செய்துகொண்டிருக்கின்றன.

பொருத்தம் என்றால் என்ன என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சரித்திரம் இருக்கிறது. இங்கிருந்து அரக்கோணம் தாண்டினால் தக்கோலம். 949இல் அங்கே சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய போர். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பட்டம் கொடுத்துச் சோழர்கள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இல்லாதது ஒன்று இருக்கிறது. அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன். தக்கோலத்தில் அவன் சண்டை போட்டதைப் பார்த்து, என்ன வேண்டுமோ கேள் என்றார்கள். ஊர் கேட்டிருக்கலாம். பொன் கேட்டிருக்கலாம். அவன் 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டான். வாங்கிக்கொண்டு போனான். பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றிமேல் அதை ஏவினான். பன்றியும் செத்தது, காளியும் செத்தது. கர்நாடகத்தில் மாண்டியா பக்கம் ஆதகூரில் ஒரு கோயிலுக்கு முன்னால் காளிக்கு நடுகல் வைத்து, அதற்குப் பூசை செய்ய மானியமும் விட்டார்கள். கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயும் பன்றியும் எதிரெதிராக நிற்கும் சிற்பம். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசியில் வருகிறது: அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால், நாய் செய்த பாவமெல்லாம் அவனுக்குப் போய்ச் சேரும் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். நாய் என்ன பாவம் செய்திருக்கும் என்று கேட்காதீர்கள். நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும். அது பெரிய பட்டியல்.

பொருத்தமில்லாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே இருக்கிறது. பெரும்பாலான முருகன் கோயில்களில் சன்னதிக்கு எதிரே மயில் நிற்கும். திருத்தணியில் யானை நிற்கிறது. தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம். கொடுத்த பிறகு இந்திரலோகத்தில் செல்வம் குறைந்துவிட்டதாம். யானையின் பார்வையாவது எங்கள் பக்கம் இருக்கட்டும் என்று இந்திரன் கேட்டுக்கொள்ள, அது இன்றைக்கும் சாமிக்கு முதுகைக் காட்டி, பழைய முதலாளி இருக்கும் திசையைப் பார்த்தபடி நிற்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் நகரிப் பக்கத்து ஆட்டுக்காரரிடம், காசைக் கொடுத்து, நன்றாகப் பழகிய கிடைநாய் ஒன்றை வாங்கி வந்தார். கறி போட்டார், முட்டை போட்டார். நாய் வாங்கிய பெருமையில் தெருவுக்கே சொன்னார். அது தின்றுவிட்டு வடக்கே பார்த்து உட்கார்ந்தது. ஒரு ராத்திரி சங்கிலி கிடந்தது, நாய் இல்லை. 1960இல் அவ்வளவு பாடுபட்டுப் போட்ட எல்லையை அது சோதனைச் சாவடியில் யாரிடமும் எதையும் காட்டாமல் தாண்டிவிட்டது.

மூன்றாவது குணம் பேர் கேட்காமல் இருப்பது. 1925இல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான். பனியில் ரயில் இல்லை, விமானம் இல்லை. 20 ஆட்கள், கைமாற்றிக் கைமாற்றி, நாய் வண்டியில் 1,000 கிலோமீட்டருக்குமேல் மருந்து கொண்டுபோனார்கள். எல்லாரிலும் நீளமான, ஆபத்தான பாதையை ஓடியது டோகோ என்ற நாய். கடைசிக் கட்டத்தை ஓடி ஊருக்குள் நுழைந்தது பால்டோ. அந்த வருஷமே நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். யாருக்கு? பால்டோவுக்கு. ஆபீஸில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வேலை செய்த நாய்க்கே பேர் கொடுக்கும் விஷயத்தில் நம் ஆட்கள் முன்னால் இருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனின் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, அதன் பேர் 'கோவிவன்' என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்றும் வெட்டியிருக்கிறார்கள். பேர், செய்த வேலை, எத்தனை பேர் என்ற கணக்கு. ஒரு வேலைநாயின் பணிப்பதிவேடு அதோடு முடிந்தது. இன்று நம் வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பித்தளையில் பலகை மாட்டுகிறோம். உள்ளே ஒரு பொமரேனியன், மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடக்கும். எடுத்தனூரில் கடித்த பிறகு எழுதினார்கள். நாம் எழுதிவிட்டுக் கடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது குணம்தான் உயிர்நாடி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல ஒரு கடலைக் கொல்லை வேண்டும். கொல்லையைக் காட்டாமல் அது புரியாது. கொல்லைக்கு நான் எங்கே போவேன்? பொன்பாடிப் பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டியிருந்த கொல்லைகளில் இப்போது மஞ்சள் வர்ணம் பூசிய கற்கள் முளைத்திருக்கின்றன. வளைவு கட்டி, கொடி நட்டு, 'சென்னைக்கு மிக அருகில்' என்று எழுதியிருக்கிறார்கள். 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றுகொண்டு அருகில் என்று எழுதுவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். பக்கத்துக் கொல்லையில் விவசாயம் இல்லையென்றால் பன்றி எல்லாம் ஒரே கொல்லையில் இறங்கும். ஆள் கிடைக்காது. கடைசியில் நாங்களும் கொடுத்துவிட்டோம். அங்கே வீடும் வரவில்லை, வேர்க்கடலையும் இல்லை. வேலிக்கருவைதான் இருக்கிறது. அறுவடை முடிந்த கொல்லையில் வருஷாவருஷம் வந்து கிடை போடுகிற ஆட்டுக்காரர்கள் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. அவர்களுடைய நாய்கள் கிடையைச் சுற்றி மூலைக்கொன்றாகச் சுருண்டு படுத்திருக்கும். பேர் கிடையாது, கழுத்தில் பட்டை கிடையாது, யாரும் கேட்டால் இனமும் கிடையாது. நரி அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. மனைக்கல்லுக்கு நடுவே எப்படிக் கிடை மடக்குவது? கல்லுக்கு எருவும் தேவையில்லை.

வேலை செய்கிற நாய் குறைந்துபோனதற்குக் காரணம் நாய்கள் அல்ல. வேலையை நாம் விற்றுவிட்டோம். விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வேலைநாய் வாங்குகிறோம். அது சிமென்ட் முற்றத்தில், இரும்பு கேட்டுக்குப் பின்னால், காலையிலிருந்து ராத்திரி வரை குறுக்கும் நெடுக்கும் நடக்கிறது. பிறகு, "சார், ரொம்ப ஹைப்பர், சோபாவைக் கடிக்குது, ட்ரெய்னர் யாராவது தெரியுமா" என்று கேட்கிறோம்.

ஐந்தாவது குணத்துக்கு இடம் இல்லை. பத்திரிகைக்காரர்கள் பக்கத்தைக் கட்டிவிடுவார்கள்.

நாய் வாங்கப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முதலில் உங்களிடம் கொடுக்க வேலை இருக்கிறதா பாருங்கள்: காக்க ஒரு கொல்லை, மடக்க நாலு ஆடு, அதுவும் இல்லையென்றால் காலையும் மாலையும் அதோடு நடக்க உங்களுக்கே இரண்டு கால். இருந்தால், தெருவில் பிறந்த குட்டியையே எடுத்து வாருங்கள், வருஷம் தவறாமல் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், நீங்கள் பேசுகிற மொழியில் பேசுங்கள், வேலை செய்யும். இல்லையென்றால் பெல்ஜியத்திலிருந்து வந்தாலும் அது சோபாவைத்தான் கடிக்கும். கடிக்கட்டும். தப்பு சோபாவை வாங்கினவர்மேல்.